அறம் துறந்த வாதம்

மக்களுக்கு வாய்த்த செல்வங்களுள் அறிவே தலையாயது என்பர் ஆன்றோர். ஆயினும், அறிவு எதற்குத் துணை நிற்கிறது என்பதைக் கொண்டே அதன் பெருமையும் சிறுமையும் விளங்கும். அறத்துக்குத் துணையாகும் அறிவு உலகை உயர்த்தும். தன்னலத்துக்குத் துணையாகும் அறிவோ, தீமைக்கு நன்மையின் ஆடையை உடுத்திப் பல்லாயிரம் மக்களை மயங்கச் செய்யும். இவ்வுண்மையை விளக்கும் வரலாறுகளுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்ந்த ஜான் கால்ஹூன் என்னும் அரசியல் தலைவருடையது.

அந்நாட்டில் 1861-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அதற்கு முற்பட்ட ஆண்டுகளில், மனிதரை மனிதர் அடிமை கொள்ளும் வழக்கத்துக்கு அரணாக நின்ற அரசியல் அறிஞருள் கால்ஹூன் முதன்மையானவர். போர் தொடங்குவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்னரே அவர் இறந்தார். எனினும், அவர் கட்டிய வாதங்கள் அவருக்குப் பின்னும் வாழ்ந்தன. அவ்வாதங்கள் யாவை, அவற்றின் குறை எங்கே இருந்தது என்பவற்றை ஆராய்வது பெரிதும் பயன் தருவதாகும்.

பருத்தியும் அடிமைத்தனமும்

ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பின மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி, அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்கும் கொடுமை 17-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. 1776-ஆம் ஆண்டு அமெரிக்கர் தம் விடுதலையை அறிவித்தபோது, மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டவர் என்று உலகறிய முழங்கினர். அவ்வறிக்கையை எழுதிய தாமஸ் ஜெபர்சன் தாமும் அடிமைகளை உடையவரே. ஆயினும், அடிமைத்தனம் நல்லது என்று கூற அவர் துணியவில்லை. அது ஒரு தீமை. என்றேனும் ஒழிய வேண்டுவது. ஆனால் உடனே ஒழிக்க இயலாதது என்பதே அக்காலத் தலைவர் பலருடைய கருத்து. முதற் குடியரசுத் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன், தமக்கு உரிமையான அடிமைகளுக்குத் தம் இறுதி ஆவணத்தின் வாயிலாக விடுதலை அளிக்க ஏற்பாடு செய்தார். 1787-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அரசியல் அமைப்பில், அடிமை என்னும் சொல் ஓரிடத்தும் காணப்படவில்லை. அச்சொல்லை எழுத அதை வகுத்தோர் நாணினர் போலும்.

இந்நிலையை மாற்றியது பருத்தி. அமெரிக்காவின் உள்நாட்டில் விளையும் பருத்தியின் கொட்டை பஞ்சோடு இறுகப் பற்றியிருக்கும். ஒருவர் ஒரு நாள் முழுவதும் உழைத்தாலும் ஏறத்தாழ ஒரு பவுண்டுப் பஞ்சையே கையால் பிரிக்க முடியும். 1793-ஆம் ஆண்டு எலி விட்னி என்பவர் கொட்டையைப் பிரிக்கும் பொறி ஒன்றை அமைத்தார். அதன் துணையால் ஒருவர் நாளொன்றுக்கு 50 பவுண்டு வரை பிரிக்கலாயினர். இங்கிலாந்தின் நூற்பாலைகளோ, எவ்வளவு பஞ்சு வரினும் வாங்கக் காத்திருந்தன. ஆகவே தென்மாநிலங்களில் காடுகள் அழிந்து பருத்தித் தோட்டங்கள் பரவின. தோட்டங்கள் பரவப் பரவ, அவற்றில் ஊதியமின்றி உழைக்கும் அடிமைகளின் தொகையும் பெருகியது. 1790-ஆம் ஆண்டு ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அத்தொகை, 1860-இல் 39 இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் பருத்தியால் வந்தது.

தீமை என்று ஒப்புக்கொண்டே ஒரு வழக்கத்தை நெடுங்காலம் மேற்கொள்வது மனிதர் மனத்துக்கு எளிதன்று. அவ்வழக்கத்தால் வரும் செல்வத்தையோ விட மனம் வராது. எனவே, வழக்கத்தை மாற்றுவதற்கு மாறாக, அதற்கு வழங்கிய பெயரையே மாற்ற முற்பட்டனர் தென்மாநிலத் தலைவர்கள். அம்முயற்சியில் அவர்களுக்கு வழிகாட்டியவர் கால்ஹூன்.

கல்வியும் பதவியும்

கால்ஹூன் 1782-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தார். அவர் தந்தை அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். நிலமும் அடிமைகளும் உடையவர். தந்தையை இளமையிலேயே இழந்த கால்ஹூன், குடும்பத்தின் பண்ணையைப் பேணியவாறே நூல்களையும் ஆர்வத்துடன் கற்றார். பின்னர் வடமாநிலத்தில் உள்ள யேல் கல்லூரியில் சேர்ந்து, 1804-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அதன்பின் சட்டமும் பயின்றார்.

1811-ஆம் ஆண்டு அவர் நாட்டின் கீழவை உறுப்பினரானார். 1817 முதல் 1825 வரை போர்த்துறை அமைச்சராகவும், 1825 முதல் 1832 வரை துணைக் குடியரசுத் தலைவராகவும் பணியாற்றினார். பின்னர்ச் செனெட்டு எனப்படும் மேலவையில் தம் மாநிலத்தின் உறுப்பினராக விளங்கினார். 1844-ஆம் ஆண்டு வெளிநாட்டுத் துறை அமைச்சர் பதவியும் அவரை வந்தடைந்தது. அவருடைய பேச்சில் ஆரவாரம் இராது. ஒரு கருத்திலிருந்து அடுத்த கருத்துக்குக் கணக்கைப் போல ஒழுங்காகச் செல்வார். பகைவரும் அவருடைய அறிவுத்திறனை மதித்தனர்.

தென் கரோலினாவில் இருந்த அவருடைய பண்ணையின் பெயர் போர்ட் ஹில் என்பதாகும். அங்கே எழுபது எண்பது அடிமைகள் உழைத்தனர். அவர் கற்ற நூல்களுக்கும், உடுத்திய உடைக்கும், நாடாளுமன்றத்தில் கழித்த ஓய்வான நாட்களுக்கும் அவர்களுடைய உழைப்பே அடிப்படை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டே அவருடைய வாதங்களை அணுகுதல் வேண்டும்.

சட்டத்தைச் செல்லாதாக்கும் உரிமை

கால்ஹூன் தம் இளமையில் நாட்டின் ஒற்றுமையையே பெரிதும் போற்றினார். நாடு முழுவதற்கும் பயன்படும் சாலைகளும் கால்வாய்களும் அமைய வேண்டும் என்று வாதாடினார். ஆனால் காலம் செல்லச் செல்ல, அவர் தம் மாநிலத்தின் நலத்தை மட்டுமே நோக்கலானார். 1828-ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பொருள்கள்மீது உயர்ந்த சுங்கவரி விதிக்கப்பட்டது. அது வடமாநிலத் தொழிற்சாலைகளுக்கு ஆக்கமும், அயல்நாட்டுப் பொருளை வாங்கும் தென்மாநிலங்களுக்கு இழப்பும் தருவது எனத் தென்னவர் சினந்தனர். அப்போது கால்ஹூன் தம் பெயரை வெளியிடாமல் ஓர் அறிக்கை எழுதினார். நடுவண் அரசு இயற்றும் சட்டம் அரசியல் அமைப்புக்கு முரணாயின், ஒரு மாநிலம் அதனைத் தன் எல்லைக்குள் செல்லாததாக்கலாம் என்பது அவ்வறிக்கையின் சாரம்.

1832-ஆம் ஆண்டு நவம்பரில் தென் கரோலினா அக்கொள்கையைச் செயலில் காட்டியது. சுங்கவரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லா என அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். படை கொண்டும் சட்டத்தை நிறைவேற்றுவேன் என்று உறுதி கூறினார். கால்ஹூன் துணைக் குடியரசுத் தலைவர் பதவியைத் துறந்து மேலவைக்குச் சென்றார். 1833-இல் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் உடன்பாடு ஏற்பட்டமையால் போர் அப்போது தவிர்ந்தது.

இப்பூசலின் உண்மைக் காரணம் சுங்கவரி அன்று. 1830-ஆம் ஆண்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கால்ஹூனே இதனை வெளிப்படுத்தியுள்ளார். சுங்கவரி ஒரு வாய்ப்பே ஒழியக் காரணம் அன்று என்றும், தென்மாநிலங்களுக்கே உரிய உள்நாட்டு அமைப்பே அவற்றை ஏனைய மாநிலங்களிலிருந்து வேறுபடுத்துகிறது என்றும் அவர் எழுதினார். உள்நாட்டு அமைப்பு என்று அவர் குறித்தது அடிமை முறையையே. இன்று வரியைக் குறித்துச் சட்டம் இயற்றும் பெரும்பான்மையோர், நாளை அடிமைத்தனத்தை ஒழிக்கவும் சட்டம் இயற்றுவர் என்னும் அச்சமே அவரை இயக்கியது.

தீமை நன்மையான விதம்

1830-க்குப் பின் வடமாநிலங்களில் அடிமை ஒழிப்பு இயக்கம் வலுப்பெற்றது. அவ்வியக்கத்தினர் இதழ்கள் அச்சிட்டுத் தெற்கே அஞ்சலில் அனுப்பினர். 1835-ஆம் ஆண்டு தென் கரோலினாவின் சார்ல்சுடன் நகரில் ஒரு கூட்டம் அஞ்சல் நிலையத்துள் புகுந்து, அவ்விதழ்களை எடுத்துச் சென்று எரித்தது. தலைநகராகிய வாஷிங்டனிலேனும் அடிமைத்தனத்தை ஒழிக்குமாறு வேண்டும் விண்ணப்பங்கள் நாடாளுமன்றத்தில் வந்து குவிந்தன. அவற்றை விவாதிக்கவும் கூடாது என்று கீழவை 1836-இல் விதி செய்தது. அவ்விதியை முன்னாள் குடியரசுத் தலைவரான ஜான் குவின்சி ஆடம்ஸ் எட்டு ஆண்டுகள் இடைவிடாது எதிர்த்துப் போராடி, 1844-இல் நீக்கச் செய்தார்.

இத்தகைய விண்ணப்பங்களை ஏற்கக் கூடாது என்று கூறவே, 1837-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் கால்ஹூன் மேலவையில் எழுந்தார். அடிமை முறையைத் தவிர்க்க இயலாத தீமை என்று பிறர் கூறி வந்தனர். அவரோ, அது தீமையே அன்று, உறுதியான நன்மை என்று கூறினார். அதற்கு அவர் காட்டிய காரணங்கள் மூன்று. செல்வமும் நாகரிகமும் வாய்ந்த எச்சமுதாயத்திலும் ஒரு பகுதியினர் மற்றொரு பகுதியினரின் உழைப்பால் வாழ்ந்தே வந்துள்ளனர் என்பது முதற் காரணம். ஐரோப்பாவின் ஏழைத் தொழிலாளி முதுமையில் ஏழையர் விடுதியில் ஆதரவற்றுக் கிடக்க, தெற்கின் அடிமையோ நோயிலும் முதுமையிலும் தலைவனுடைய குடும்பத்தாரால் பேணப்படுகிறான் என்பது இரண்டாவது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நிகழும் போராட்டம் தெற்கில் இல்லை. ஆகவே அங்கு அமைதி நிலவுகிறது என்பது மூன்றாவது.

வர்ஜீனியா மாநிலத்தின் உறுப்பினர் வில்லியம் ரைவ்ஸ் அடிமைகளை உடைய தென்னவரே. எனினும் அன்று அவரும் இக்கருத்தை ஏற்கவில்லை. அடிமைத்தனம் தீமையே என்னும் பழைய கருத்தையே அவர் வலியுறுத்தினார். ஆனால் ஆண்டுகள் செல்ல, தெற்கே ரைவ்சின் குரல் தாழ்ந்தது. கால்ஹூனின் குரல் ஓங்கியது.

அவர் காட்டிய மூன்று காரணங்களிலும் உண்மையின் சாயல் உண்டு. ஐரோப்பியத் தொழிலாளர் அக்காலத்தில் துன்புற்றது மெய். ஆனால் ஓரிடத்து அநீதி மற்றோரிடத்து அநீதிக்கு நியாயமாகுமா? பசித்த தொழிலாளியின் குழந்தையை அவன் கண் முன்னே எவரும் சந்தையில் விற்றதில்லை. தெற்கிலோ 1790-க்கும் 1860-க்கும் இடையே ஏறத்தாழ 10 இலட்சம் அடிமைகள் பழைய மாநிலங்களிலிருந்து புதிய பருத்தி நிலங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் வணிகரால் விற்கப்பட்டவர். தாய் ஓரிடமும் சேய் ஓரிடமுமாகப் பிரிந்த குடும்பங்கள் எண்ணற்றவை. கால்ஹூன் கூறிய அமைதியும் மனநிறைவால் வந்த அமைதி அன்று. சாட்டையால் வந்த அமைதி அது.

அலெக் என்னும் அடிமை

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கால்ஹூனின் வீட்டில் அலெக் என்னும் அடிமை ஒருவன் பணிபுரிந்தான். 1831-ஆம் ஆண்டு அவன் ஏதோ தவறு செய்தமைக்காகக் கால்ஹூனின் மனைவி கடுமையான கசையடி தருவதாக அச்சுறுத்தினார். அலெக் வீட்டை விட்டு ஓடிப்போனான். சில நாட்களில் அபேவில் என்னும் ஊரில் பிடிபட்டான். செய்தி அறிந்த கால்ஹூன் கடிதம் ஒன்று எழுதினார். அவனை ஒரு வாரம் சிறையில் அடைத்து வைக்க வேண்டும். ரொட்டியும் தண்ணீரும் அன்றி வேறெதுவும் தரலாகாது. வார முடிவில் 30 கசையடி நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று அதில் குறிப்பிட்டார்.

அடிமைத்தனம் உறுதியான நன்மை என்று மேலவையில் அவர் பேசியது இது நிகழ்ந்து ஆறு ஆண்டுகளுக்குள்தான். அந்நன்மையிலிருந்து அலெக் ஏன் ஓடினான் என்னும் வினாவை அவர் எழுப்பவில்லை. அவ்வினாவுக்கு ஒரு விடையே உண்டு. அது அவருடைய வாதத்தைத் தகர்த்துவிடும். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன், தம் குறிப்பு ஒன்றில் இதே செய்தியை எளிமையாக எழுதினார். அடிமைத்தனம் நல்லது என்று நிறுவ நூல்மேல் நூல் எழுதுகின்றனர். ஆயினும் அந்நன்மையை நுகரத் தாமே அடிமையாக விரும்புவார் ஒருவரையும் காணோம் என்பது அக்குறிப்பின் கருத்து.

பிழையான கணக்கு

1844-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமைச்சர் பதவியிலிருந்த கால்ஹூன் ஆங்கிலத் தூதருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் 1840-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கைச் சான்றாகக் காட்டினார். அடிமைத்தனம் ஒழிந்த மாநிலங்களில் கறுப்பருள் 96 பேருக்கு ஒருவர் செவிடராகவோ, குருடராகவோ, மனநோயாளராகவோ, அறிவு வளர்ச்சி குன்றியவராகவோ இருக்கின்றனர். அடிமைத்தனம் உள்ள மாநிலங்களில் 672 பேருக்கு ஒருவரே அத்தகையவர். ஆதலின் விடுதலை அவர்களுக்குக் கேடு தருவது என்று அவர் முடிவு கூறினார்.

எண்களைக் கண்டால் மக்கள் எளிதில் நம்பிவிடுவர். மாசச்சூசெட்சு மாநில மருத்துவர் எட்வர்ட் ஜார்விஸ் என்பாரும் முதலில் இக்கணக்கை நம்பினார். பின்னர் ஊர் ஊராக எண்களை ஒப்பிட்டு நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. கறுப்பரே வாழாத ஊர்களிலும் கறுப்பின மனநோயாளர் இருப்பதாகக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. வூஸ்டர் என்னும் நகரில் இருந்த மாநில மருத்துவமனையின் 133 வெள்ளை நோயாளிகள், கறுப்பருக்குரிய பத்தியில் சேர்க்கப்பட்டிருந்தனர். நியூயார்க்கு நகரில் வாழ்ந்த ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் என்னும் கறுப்பின மருத்துவரும் இக்கணக்கை மறுத்து எழுதினார். அமெரிக்கக் கல்லூரிகள் இடம் தர மறுத்தமையால், ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்று 1837-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். விடுதலை பெற்ற கறுப்பர் அறிவு குன்றுவர் என்னும் கூற்றுக்கு அவருடைய வாழ்க்கையே தக்க மறுப்பன்றோ?

கணக்கைத் திருத்துமாறு ஆடம்ஸ் வலியுறுத்தினார். கால்ஹூனோ, அக்கணக்கெடுப்பை முன்பு மேற்பார்த்தவரையே ஆராயுமாறு ஏவினார். தம் பணியில் குறையில்லை என்று அவர் விடை கூறினார், கணக்குத் திருத்தப்படவில்லை. உண்மையைத் தேடி முடிவுக்கு வருவது அறிஞர் நெறி. முடிவை முதலில் கொண்டு, பின்னர் அதற்கேற்ற சான்றைத் தேடுவது வழக்காடுவோர் நெறி. கால்ஹூன் இரண்டாம் நெறியில் நின்றார்.

விடுதலை யாருக்கு உரியது?

1848-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஆரிகன் என்னும் புதிய நிலப்பகுதியைக் குறித்து மேலவையில் விவாதம் எழுந்தது. அதில் அடிமைத்தனம் இடம் பெறலாகாது என்பது வடவர் கருத்து. அப்போது கால்ஹூன், மனிதர் யாவரும் சமமாகப் பிறக்கின்றனர் என்னும் கொள்கையே பொய் என்று வாதிட்டார். மனிதராக எவரும் பிறப்பதில்லை, குழந்தைகளாகவே பிறக்கின்றனர், குழந்தையோ பெற்றோருக்கு அடங்கியது, ஆதலின் விடுதலை பிறப்புரிமை ஆகாது, தகுதியுடையோர் பெறும் பரிசே அது என்பது அவர் கூற்று.

சொல்லளவில் இவ்வாதம் கூர்மையானது. ஆனால் குழந்தை வளர்ந்து பெற்றோரின் பொறுப்பிலிருந்து நீங்குகிறது. அடிமையின் மகனோ முதியவனான பின்னும் அடிமையாகவே இருந்தான். தகுதியுடையோர்க்கு விடுதலை என்று கூறுவோர், தகுதி பெறும் வழியையேனும் திறந்து வைத்தல் வேண்டும். தென் கரோலினாவிலோ, அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதை 1834-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. கல்வியின் கதவை அடைத்துவிட்டு, உள்ளே வர உனக்குத் தகுதியில்லை என்று கூறுவது என்ன நீதி?

கேட்கப்படாத இசைவு

கால்ஹூனின் கொள்கைகளுள் பிற்கால அறிஞரும் எடுத்து ஆராய்ந்தது ஒன்று உண்டு. அவர் இறந்தபின், 1851-இல் வெளிவந்த அவருடைய அரசியல் நூலில் அது விளக்கப்பட்டுள்ளது. எண்ணிக்கையில் மிக்கோர் விரும்பியதெல்லாம் சட்டமானால், சிறுபான்மையோர் நசுக்கப்படுவர். ஆதலின், தலைகளை எண்ணுவது மட்டும் போதாது. சமுதாயத்தின் ஒவ்வொரு பெரும் பிரிவும் தன் இசைவைத் தருதல் வேண்டும். இசையாத பிரிவுக்குத் தடுக்கும் ஆற்றல் வேண்டும் என்று அவர் எழுதினார். பெரும்பான்மையின் கொடுங்கோன்மையைத் தடுப்பது எப்படி என்பது எக்குடியரசும் எண்ண வேண்டிய வினாவே ஆகும்.

ஆனால், அவர் காக்க முயன்ற சிறுபான்மையோர் யார்? அடிமைகளை உடைய தென்மாநிலத்து வெள்ளையரே. 1850-ஆம் ஆண்டின் கணக்குப்படி தென் கரோலினாவில் ஏறத்தாழ 6 இலட்சத்து 68 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். அவருள் ஏறத்தாழ 3 இலட்சத்து 85 ஆயிரம் பேர் அடிமைகள். அவருடைய சொந்த மாநிலத்தில் பெரும்பான்மையோர் அடிமைகளே! அரசியல் அமைப்பின்படி, மாநிலத்துக்குரிய உறுப்பினர் தொகையைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினர். இவ்வாறு அவர்களுடைய எண்ணிக்கை தலைவர்களின் வலிமையைப் பெருக்கியது. அவர்களுடைய குரலோ எங்கும் கேட்கப்படவில்லை.

சமுதாயத்தின் ஒவ்வொரு பிரிவின் இசைவும் வேண்டும் என்று விதி வகுத்த அவ்வறிஞர், தம் மாநிலத்தின் மிகப் பெரும் பிரிவினரிடம் இசைவு கேட்க வேண்டும் என்று எண்ணவே இல்லை. அவருடைய வாதம் முழுவதும் தங்கியிருந்த இடம் இதுவே. அது இடிந்து விழும் இடமும் இதுவே. அவருடைய தருக்கத்தில் பிழை தேடியவர் பலர் களைத்தனர். மனிதர் என்று யாரை அவர் எண்ணினார் என்று கேட்டிருந்தால், பிழை உடனே புலப்பட்டிருக்கும்.

அக்குரல் கேளாமல் போனதற்கு அது எழாமை காரணம் அன்று. மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பி ஓடி விடுதலை பெற்ற பிரடரிக் டக்ளஸ், 1845-இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அடிமைகள் பாடுவதைக் கேட்டு, அவர்கள் மகிழ்ச்சியாய் இருக்கின்றனர் என்று பலர் கருதினர். அப்பாடல்கள் துயரத்தின் வெளிப்பாடே என்று அவர் விளக்கினார். சார்ல்சுடன் நகரில் அடிமைகளை உடைய குடும்பத்திலே பிறந்த ஆஞ்சலினா கிரிம்கே என்னும் பெண்மணி, தாம் நேரில் கண்ட கொடுமைகளை மறைக்க மனமின்றி வடக்கே சென்றார். 1838-இல் மாசச்சூசெட்சு சட்டமன்றக் குழுவின் முன் நின்று அடிமைத்தனத்துக்கு எதிராகப் பேசினார். கால்ஹூன் பிறந்த மாநிலத்திலேயே, அவர் வளர்ந்த சூழலிலேயே பிறந்தும், அறத்தின் பக்கம் நிற்க முடியும் என்பதற்கு இப்பெண்மணியே சான்றாவார்.

போரும் அதன் பின்னும்

1850-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4-ஆம் நாள் கால்ஹூன் இறுதியாக ஒரு சொற்பொழிவை எழுதிக்கொண்டு மேலவைக்கு வந்தார். எலும்புருக்கி நோய் அவரை மிகவும் வாட்டியிருந்தது. பேச வலிமையின்றி அவர் அமர்ந்திருக்க, வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேசன் அதனைப் படித்தார். வடக்குக்கும் தெற்குக்கும் இடையே இருந்த சமநிலை குலைந்துவிட்டது. வடவர் அடிமைத்தனத்தைத் தாக்குவதை நிறுத்தாவிடில் நாடு பிளவுபடும் என்பது அதன் கருத்து. அத்திங்கள் 31-ஆம் நாள் அவர் மறைந்தார். நாடு பிளவுபடும் என்று அவர் கூறியது பலித்தது. ஆனால் நோயைத் தாமே வளர்த்துவிட்டு, நோயாளி நலிவான் என்று கூறிய மருத்துவரின் முன்னறிவே அது.

அவருக்குப் பின் வந்தோர் அவரினும் வெளிப்படையாகப் பேசினர். 1858-இல் தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹாமண்ட், பருத்தியை எதிர்க்க உலகில் எவ்வல்லரசும் துணியாது என்று மேலவையில் செருக்குடன் கூறினார். 1860-இல் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் தென் கரோலினா பிரிந்தது. அடிமைத்தனத்துக்கு நேர்ந்த இடரே காரணம் என எழுத்திலும் அறிவித்தது. தொடர்ந்து வேறு பத்து மாநிலங்களும் பிரிந்தன. அவற்றின் புதிய அரசு, இனங்கள் சமமல்ல என்னும் கருத்தையே மூலைக்கல்லாகக் கொண்டது என்று அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் கூறினார். ஏப்ரல் 12-ஆம் நாள் சார்ல்சுடன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டைமீது முதற் குண்டு பாய்ந்தது. நான்கு ஆண்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் மாண்டனர். 1865 டிசம்பரில் அரசியல் அமைப்பின் 13-ஆம் திருத்தம் அடிமைத்தனத்தை நாடு முழுவதும் ஒழித்தது.

கால்ஹூன் கேளாது விட்ட இசைவு, 1868-ஆம் ஆண்டு அவருடைய மாநிலத்திலேயே கேட்கப்பட்டது. தென் கரோலினாவுக்குப் புதிய அரசியல் அமைப்பை வகுக்கச் சார்ல்சுடனில் மன்றம் கூடியது. அதன் உறுப்பினருள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பலர் முன்னாள் அடிமைகள். அவர்கள் வகுத்த அமைப்பு, மாநிலத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளிகளை ஏற்படுத்த வழி செய்தது. ஆட்சிக்குத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டோர், ஆட்சி கைக்கு வந்தவுடன் பள்ளிக்கூடத்தை நினைத்தனர்! 1870-இல் அம்மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஜோசப் ரெய்னி, நாட்டின் கீழவையில் அமர்ந்த முதற் கறுப்பின உறுப்பினரானார். போர்க்காலத்தில், 1862-ஆம் ஆண்டு, எதிரிகளின் கப்பலையே சார்ல்சுடன் துறைமுகத்திலிருந்து துணிவுடன் செலுத்திச் சென்று, தம் குடும்பத்தையும் தோழரையும் விடுவித்த ராபர்ட் ஸ்மால்ஸ் என்னும் அடிமையும் பின்னர் அவ்வவையில் இடம் பெற்றார்.

பெற்ற உரிமைகள் நெடுநாள் நிலைக்கவில்லை. வன்முறையாலும் சூழ்ச்சிச் சட்டங்களாலும் கறுப்பரின் வாக்குரிமை மீண்டும் பறிக்கப்பட்டது. அதனை உறுதியாகப் பெற 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை அவர்கள் போராட நேர்ந்தது. தவறான வாதம் ஒன்று அதைக் கட்டியவரோடு அழிவதில்லை என்பதை இந்நூறு ஆண்டு வரலாறு காட்டுகிறது.

கால்ஹூனின் பெயர் நெடுங்காலம் பெருமையோடு வழங்கியது. யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரி அவர் பெயர் தாங்கியிருந்தது. 2017-ஆம் ஆண்டு அது மாற்றப்பட்டு, கணிப்பொறி அறிஞரான கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. சார்ல்சுடனில் உயர்ந்த தூணின்மேல் நின்ற அவருடைய சிலை 2020-ஆம் ஆண்டு இறக்கப்பட்டது. சிலையை இறக்குவது எளிது. அவருடைய வாதத்தை இனங்கண்டு விலக்குவதே அரிது. ஏனெனின், அது எந்நாட்டிலும் எக்காலத்திலும் புதிய உடை உடுத்தி வரக்கூடியது. சிலர் உழைக்கவும் சிலர் ஆளவும் பிறந்தவர் என்று ஒருவர் கூறும்போது, அவருடைய சொல்லழகிலும் புள்ளிவிவரத்திலும் மயங்கலாகாது. அக்கூற்றால் பயன் அடைபவர் யார், துன்புறுபவர் யார், துன்புறுபவரின் இசைவை எவரேனும் கேட்டனரா என்று வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவுவதே கற்றவர் கடமையாகும்.